ஒன்பதாம் படத்தின் சுண்டுவிரல்

ஆறு விரல் வருகிறதாம். கை ஒன்று வரைந்து காட்டு என்று போனிடம் கேட்டால் ஆறு விரலோடு காட்டுகிறதாம். "அதான் மேடம், போனப் பாத்து வரைஞ்சுட்டு வந்தா கிழிச்சுப் போட்டுருவேன், லைப்ரரில போய் பொஸ்தகத்தப் பாத்து வரைன்னு சார் சொல்லிட்டாவ" என்று ரிஸ்வானா கவுண்டருக்கு முன்னால் நின்று சிரித்தாள். ஓவியப் பிரிவில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். ஜெபக்கனிக்கும் சிரிப்பு வந்தது. சித்திரை வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, தின்ற சோறு கண்ணை இழுக்கிற நேரத்தில் ஒரு பிள்ளை புத்தகம் கேட்டு வருவதே பெரிய காரியம். இப்போதெல்லாம் நூலகத்துக்கு ஃபேன் காற்றுக்கு வருகிறார்கள், சார்ஜர் குத்த வருகிறார்கள். முப்பத்தோரு வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. இன்னும் மூன்று வாரம். அப்புறம் மாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், போயிட்டு வாங்க மேடம், அவ்வளவுதான். "கைதானே? நம்மகிட்ட இல்லாத கையா? வா" என்று எழுந்தவள், எழும்போதே வாய் தானாகச் சொல்கிற அந்த வார்த்தையையும் சொன்னாள்: "பிளேடப் போட்டியா?" ரிஸ்வானா நாக்கைக் கடித்துக்கொண்டு பென்சில் டப்பாவிலிருந்து அரை பிளேடை எடுத்து, கவுண்டர் மேல் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டாள். ஓவியப் பிள்ளைகள் ஷார்ப்னரைத் தொடமாட்டார்கள்; பென்சில் கூர் நீளமாக வேண்டுமென்றால் பிளேடுதான். ஆனால் பிளேடோடு ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது என்பது இந்த நூலகத்துச் சட்டம். ஜெபக்கனி போட்ட சட்டம். போட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. ஏன் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

மனுஷ உடம்பு வரைகிற புத்தகங்களுக்கு வரிசை எண் எழுநூற்று நாற்பத்து மூன்று, ஜன்னலோரத்து ராக்கில் மூன்றாவது தட்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவாள். எண் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பிடிப்பு, சொந்தக்காரர்கள் பிறந்தநாளை மறப்பாள், ஒரு புத்தகத்தின் பதிவு எண்ணை மறக்கமாட்டாள். "மேடம் தலைக்குள்ளயே ஒரு ரெஜிஸ்டர் இருக்கு" என்று ஒரு பிரின்சிபால் மேடையில் வைத்தே சொல்லியிருக்கிறார், அதைக் கேட்டு எவ்வளவு பூரித்துப் போனாள் அன்றைக்கு. தட்டில் தூசி. குதிரை வரையும் புத்தகத்தை எவனோ மனுஷ உடம்புக்கு நடுவில் சொருகி வைத்திருக்கிறான், எடுபட்ட பய. அதை உருவி வெளியே வைத்துவிட்டு இரண்டு புத்தகங்களை எடுத்து நீட்டினாள். ரிஸ்வானா நின்றபடியே புரட்டினாள். "இது வெள்ளக்காரங்க கை மேடம். எலும்பும் நரம்புமா இருக்கு. சார் கேட்டது நம்ம கோயில் சுவத்துல வரைஞ்சிருப்பாங்கல்லா, எலும்பே இல்லாத மாதிரி, பூவப் புடிச்சுக்கிட்டு, அந்தக் கை." ஜெபக்கனியின் கால் அந்த இடத்தில் நின்றது. அந்தக் கைக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. கீழ்த்தட்டில், நிறுத்தி வைக்க முடியாத அளவுக்குப் பெரிய புத்தகங்களைப் படுக்கப் போட்டிருக்கிற இடத்தில், மெரூன் அட்டை, வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதற்கான சிவப்பு லேபிள். பதிவு எண் ஏழாயிரத்து எழுநூற்றுப் பதினாலு. அது அங்கேதான் படுத்திருக்கிறது. "அது ஒண்ணு இருந்துச்சு. இப்ப படம் இல்ல" என்றாள். "ஏன் மேடம்?" "ஒருத்தன் அறுத்துட்டான்." எத்தனை பேரிடம் சொன்ன வாக்கியம், நூறு பேரிடம் இருக்குமா, வழுக்கிக்கொண்டு வந்தது. ஒருத்தன் என்றாள். பேரைச் சொல்லவில்லை. பேரைச் சொல்லாதது தன்னுடைய பெருந்தன்மை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஆவுடையப்பன். முக்கூடல் பக்கத்துப் பையன், கடைசி வருஷம், காலர் கிழிந்த சட்டையைத் திருப்பித் தைத்துப் போட்டிருப்பான். காலை ஒன்பதரைக்கு நூலகம் திறக்குமுன்பே வாசலில் நிற்பான், உள்ளே வந்ததும் நேரே அந்தக் கீழ்த்தட்டு, இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அந்த மெரூன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோர மேஜை. கோயில் சுவரோவியங்களைப் பற்றிய புத்தகம், கடைசியில் பளபளப்புத் தாளில் பதினாலு வண்ணப் படங்கள், பதினாலும் கைகள் மட்டும். மற்றவர்களெல்லாம் ஒரு படத்தைப் பார்த்து ஒரு படம் வரைந்துவிட்டுப் போவார்கள், இவன் ஒரு வாரம் ஒரு கையைச் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பான். "என்னப்பா, ஜோசியம் பாக்கியா?" என்று கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அவனைப் பிடிக்கும். அதுதான் கோபத்தை இரட்டிப்பாக்கியது போல. அந்த வருஷம் ஐப்பசி முழுக்கப் பேய்மழை, கூரை ஒழுகிப் புத்தகம் ஊறித் தையல் விட்டு, பைண்டிங்குக்குப் போய், தையில் திரும்பி வந்தது. மார்ச்சில் வருஷாந்திர சரிபார்ப்பின்போது விரித்துப் பார்த்தால் பதினாலு படமும் இல்லை. அடியோடு, நேர்கோடாக, பிளேடால் அறுத்த பதினாலு தாள்விளிம்பு மட்டும் பல்போன ஈறு மாதிரி நின்றது. பைண்டரைக் கேட்டாள். "வரும்போதே இப்படித்தாம்மா இருந்துச்சு, நீங்க குடுத்தத அப்படியே தச்சுட்டேன்" என்றார். அப்படியென்றால் மழைக்கு முன்பே அறுத்திருக்கிறான். யார் அந்தப் புத்தகத்தைத் தினம் தொட்டது? யார் சட்டைப்பையில் பிளேடு? கேட்க வேண்டியதே இல்லை, கணக்கு மாதிரி விடை வந்து நின்றது. எல்லா ஓவியப் பையன்கள் பையிலும் பிளேடு இருந்ததே, அது அன்றைக்குத் தோன்றவே இல்லை.

"வேற எதுலயாச்சும் இருக்குமா மேடம்? நாளைக்குக் காட்டணும்" என்று ரிஸ்வானா கேட்டதும், "இரு, யோசிக்கேன்" என்றாள். யோசித்தது அதை இல்லை. யோசித்தது அவன் அம்மாவை. பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூ படிவத்தில் நூலகர் கையெழுத்து இல்லாமல் ஹால் டிக்கெட் இல்லை. "எடுத்தேன், மன்னிச்சுக்கோங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடு, போட்டுத் தாரேன்" என்று ஜெபக்கனி சொன்னாள், போலீசுக்குப் போகாமல் இரண்டு வரியோடு விடுகிறேனே, எவ்வளவு நல்லவள் நான் என்று நினைத்தபடியே சொன்னாள். "எடுக்காதத எடுத்தேன்னு எப்படி மேடம் எழுத?" என்று நின்றான். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா வந்தாள். பீடி சுற்றுகிற பொம்பளை, வெட்டிவெட்டி ஆட்காட்டி விரல் நுனி தேய்ந்து, கையெல்லாம் பீடிஇலை வாசம். கவுண்டரைத் தொடப் பயந்து ஓரடி தள்ளி நின்றாள். "எம்புள்ள பொஸ்தகத்த அறுக்கமாட்டாம்மா. சாமி படத்த மிதிச்சாக்கூட தொட்டுக் கும்புடுத பய" என்றாள். ஜெபக்கனி மெரூன் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பதினாலு விளிம்பையும் அவளுக்கு விரித்துக் காட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் அது வெட்டு என்று தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாமே, இலை வெட்டுகிற கை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, மெதுவாக, "எய்யா, எழுதிக் குடுத்துட்டு வந்துருய்யா" என்றாள். அவன் அம்மாவைப் பார்த்த பார்வை. ஐயோ, அந்தப் பார்வையை அப்போதே ஜெபக்கனி பார்த்தாள், பார்த்துவிட்டு, மாட்டிக்கொண்ட முழி என்று அதற்கு ஒரு பேர் வைத்தாள். அவன் எழுதவில்லை. பரீட்சையும் எழுதவில்லை.

அப்புறம் அவன் எங்கே போனான் என்று தெரியாமலாவது இருந்திருக்கலாம். தெரிந்துபோனது. பைபாஸில் வண்டிகளுக்குப் பேர் எழுதுகிற, நம்பர் பிளேட் எழுதுகிற கடை போட்டிருக்கிறான். ஆவுடை ஆர்ட்ஸ். வீட்டுக்குப் போகிற பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது. போர்டில் பூவைப் பிடித்திருக்கிற ஒரு கை, அதற்குக் கீழே போன் நம்பர். முதல் நாள் அந்தக் கையைப் பார்த்ததும் ஜெபக்கனி பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டாள். அது ஒன்பதாவது படம்! அச்சு அசல்! படம் கையில் இல்லாமல் இப்படி வரைய முடியுமா? பாத்தியா, பாத்தியா, நான் சொன்னது சரியாப் போச்சா என்று செத்துப்போன புருஷனிடம் மனசுக்குள் சொன்னாள். அதற்கப்புறம் வலதுபக்கத்து சீட்டில் உட்கார்வதை வழக்கமாக்கிக்கொண்டாள், இடதுபக்கம் உட்கார்ந்தால் அந்த போர்டு தெரியும். சரியாகப் போயிற்று என்றால் ஏன் வலதுபக்கம்? அதை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேராகவே வந்துவிட்டான். விரலெல்லாம் பெயிண்ட். "மேடம், நல்லாருக்கீங்களா?" என்றான். அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகச் செய்தது, அவனும் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அந்தப் படங்க கெடச்சுதா மேடம்?" என்று கேட்டான். என்ன திமிர்! எடுத்தவனே கேட்கிறான்! வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை அந்தக் கோபம், குழம்பைத் தீய விட்டாள்.

காலண்டர். கோயில் காலண்டரில் அந்த மாதிரிக் கை வருமே. அந்தக் காலத்தில் காலண்டர், பழைய பத்திரிகை எல்லாவற்றிலிருந்தும் படங்களை வெட்டி, யானை, மரம், படகு, கூட்டம் என்று தனித்தனிக் கவரில் போட்டு இரும்பு அலமாரியில் வைத்திருந்தோமே, பிள்ளைகள் பார்த்து வரைய. மழை ஒழுகியபோது பின்னறைக்குத் தள்ளியது, அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, யார் கேட்டார்கள் அதை. "இரு, வாரேன்" என்று ரிஸ்வானாவை உட்காரவைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். பத்திரிகைக் கட்டுகளை நகர்த்தி, இழுப்பறையை இரண்டு கையாலும் இழுத்தால்தான் வந்தது. பல்லி முட்டை, துரு. கடல், கதவுகள், கிளிகள், கைகள். பழுப்புக் கவரைப் பிரித்தாள். லட்சுமியின் கை, முருகனின் கை, சோப்பு விளம்பரத்துக் கை, அதற்கடியில் வெண்ணெய்த்தாள் சுற்றிய ஒரு கட்டு. வெண்ணெய்த்தாளைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ஏன் தயங்கினாள்? கை அறிந்ததா, கண் அறிந்ததா? பிரித்தாள். பளபளப்புத் தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினாலு. ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலில் பதிவு எண், ஏழுக்கு நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. இந்தக் கல்லூரியில் ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறவள் ஒருத்திதான். ஒரு துண்டுச்சீட்டு: படங்கள் ஈரத்தில் ஒட்டாமலும், பைண்டர் ஓரம் வெட்டும்போது சேதமாகாமலும் இருக்க எடுத்து வைத்தது, திரும்பி வந்ததும் சேர்த்து ஒட்டவும், ஜெ. கீழே தேதி, நவம்பர் பத்தொன்பது.

நவம்பர் இருபத்தொன்று புருஷன் ஞானராஜ் இறந்த நாள். அப்படியென்றால் பத்தொன்பது, வியாழன், அன்றைக்கு மத்தியானம்தான் போன் வந்தது, சார்வாள் மயங்கி விழுந்துட்டாவ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். அதற்கு முன்னால் காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தேனா? இல்லை, ஞாபகமில்லை, மழை ஞாபகமிருக்கிறது, தரையில் வைத்த வாளிகள், ஆஸ்பத்திரிப் படுக்கை எண் முப்பத்துநாலு, டிரிப் பாட்டில், அவர் கால் கட்டைவிரல் சில்லிட்டது, அது எல்லாம் இருக்கிறது, இது இல்லை. நாற்பது நாள் லீவு முடிந்து வந்தபோது அந்த வாரம் மனசில் வெந்நீர் ஊற்றின மாதிரி வெளிறிக் கிடந்தது. வேறு யாராவது என் எழுத்தில்... யார் எழுதுவார்கள், எதற்கு? எத்தனை தடவை சுற்றி வந்தாலும் ஏழின் குறுக்குக்கோட்டில் வந்து இடித்துக்கொண்டு நின்றது. அறுத்தது நான். நானேதான். பத்திரமாக வைக்கிறேன் என்று வைத்து, ஒரு பிள்ளையின் வாழ்க்கையை... கட்டிப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல் இழுப்பறை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போது, வெட்கக்கேடு, இன்னொன்றும் தோன்றியது. திரும்ப வைத்துவிடலாம். மூன்றே வாரம். புதிதாக வருகிறவள் என்றைக்காவது திறப்பாள், "பழைய மேடம் எவ்வளவு பத்திரமா எடுத்து வச்சிருக்காவ பாருங்க" என்று மெச்சிக்கூடச் சொல்வாள். மெச்சுவாள்! அதுதான் தாங்கவில்லை. ஒன்பதாவது படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பூவைப் பிடித்த அதே கை. ஆனால் சுண்டுவிரல் நீட்டியிருந்தது. போர்டில் அவன் மடக்கி வரைந்திருந்தான். படம் கையில் இருக்கிறவன் எதற்கு விரலைத் தப்பாக வரைவான்? மனசிலிருந்து வரைந்திருக்கிறான். எத்தனை வருஷமாகத் தினமும் பஸ்ஸில் அதைக் கடந்து போனேன், இடதுபக்கம் உட்கார்ந்து ஒரே ஒரு நாள் ஒழுங்காகப் பார்த்திருந்தால்கூடப் புரிந்திருக்குமே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரிஸ்வானா படங்களைப் பார்த்ததும் "எம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரோ அறுத்துட்டாங்கன்னியளே மேடம்?" "நாந்தான் அறுத்தேன்" என்றாள் ஜெபக்கனி. பிள்ளை தமாஷ் என்று நினைத்துச் சிரித்தது, அப்புறம் மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டது. "பென்சில் மழுங்கியிருக்கு பாரு. போய் பிளேட எடுத்துக்கோ." "உள்ள வச்சா?" "உள்ள வச்சுத்தான். சீவு." கவுண்டருக்கு வந்து உட்கார்ந்தாள். பழைய நோ டியூ ரெஜிஸ்டரை எடுத்து அவன் பேருக்கு நேரே இப்போது கையெழுத்துப் போட்டால் என்ன? போட்டு? யாருக்குக் காட்ட? போனை எடுத்தாள். நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. பார்க்கக் கூடாதென்று பார்த்த நம்பர், பத்து எண்ணும் தலைக்குள் இருந்த அந்த ரெஜிஸ்டரில் வரிசையாக நின்றது. அப்படியும் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"ஆவுடை ஆர்ட்ஸ்" என்றது குரல். பின்னால் பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரெஸரின் இரைச்சல்.

"நான் ஜெபக்கனி பேசுதேன்ப்பா. லைப்ரரி."

இரைச்சல் நின்றது. நிறுத்தியிருக்கிறான். "சொல்லுங்க மேடம்."

"அந்தப் படங்க கெடச்சுட்டுப்பா."

"பதினாலுமா மேடம்?" குரல் சட்டென்று இருபது வயசுப் பையனுடையதாக ஆயிற்று. "கிழியாம இருக்கா? கலர் போவலயே?"

"அப்படியே இருக்கு."

"மேடம், ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. ஒம்போதாவதுல, பூவப் புடிச்சிருக்குமே, அதுல சுண்டுவிரல் மடங்கியா நீட்டியா? ரொம்ப வருஷமாச் சந்தேகம்."

"நீட்டித்தான் இருக்கு."

"ச்சே. போர்டுல மடக்கில்லா போட்டு வச்சிருக்கேன்" என்று லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிகிற வரை காத்திருந்தாள். இதற்குமேல் காத்திருந்தால் சொல்லமாட்டோம் என்று பயம் வந்தது. "நாந்தான்ப்பா எடுத்தது. பைண்டிங்குக்கு அனுப்புதப்ப நானே அறுத்து பத்திரமா வச்சேன். வச்சத மறந்துட்டேன். நீ எடுக்கல. உம்மேல பழியப் போட்டுட்டேன், ஐயா, நான் பாவி." அவன் திட்டுவான் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். திட்ட வேண்டும், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ஜெபித்தாள். ரோட்டில் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"அம்மாட்ட போனக் குடுப்பா" என்றாள். "நான் சொல்லுதேன். நான் வந்து கால்ல விழுந்து சொல்லுதேன்."

"அம்மா போன ஐப்பசில தவறிட்டா மேடம்" என்றான். குரலில் கோபமே இல்லை, விலாசம் சொல்வது மாதிரிச் சொன்னான். "பெரியாஸ்பத்திரில கெடந்தா. கடேசியா நினைவு இருந்த அன்னைக்கும் அதத்தான் கேட்டா. என் கையப் புடிச்சுக்கிட்டு, எய்யா, இனி என்ன இருக்கு, யாரு கேக்கப் போறா, அம்மாட்ட மட்டும் நெசத்தச் சொல்லிரு, நீதான அறுத்தன்னு."

ஜன்னலோர மேஜையில் ரிஸ்வானா பென்சில் சீவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க பொஸ்தகத்துல அந்த வெட்டக் காட்டுனியள்லா, அத அவ மறக்கவே இல்ல" என்றான் ஆவுடையப்பன். பிறகு, "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான்.